சுமைதாங்கிமேல் வைத்த சர்க்கரைச் சோறு

என்னைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கணிப்பு உண்டு. பல்லி தலையில் விழுந்தால் முதல் ஆளாகத் தெருவுக்கு ஓடுகிறவன் நான். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பல்லி எப்படிப் பயந்துபோய் ஓடியது என்று ஊரே சிரிக்கும்படி கதை சொல்கிறவனும் நான்தான். நடுவில் ஒரு கால்மணி நேரம் மட்டும் என்னிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இங்கே எழுதப்போகிற விஷயம் நடந்து வருஷக்கணக்காகிறது. எனக்கும் காதோரம் நரைத்துவிட்டது. அந்தக் கால்மணி நேரம் இன்னும் முடியவில்லையோ என்று சில நாள் தோன்றும்.

எழுபதுகளின் கடைசியில் நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தேன். காயைச் சல்லடையில் சலித்துப் பெரிது சிறிது பிரிக்க வேண்டும், மூட்டை தைக்க வேண்டும். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் வாசம் போகாது. பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குப் பாயச ஞாபகம் வந்து திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் காய் விளைகிற மலையை மட்டும் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. போடிமெட்டு ஜீப்பில் சில தடவை போயிருக்கிறேன். கண்ணைத் திறந்தால் பள்ளம், மூடினால் குமட்டல். பாதி திறந்து பாதி மூடி, முன்னால் இருப்பவரின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டே மலை ஏறி, மலை இறங்கியவன்.

என் தங்கையை அந்த மலைமேல்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு ஓர் ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை. மலைக் கணவாயான மெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்குள், தோட்டத்து லயத்தில், வேலை பார்ப்பவர்களுக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பில், ஒரு வீடு. நல்ல மனுஷன். பிரச்சினை மழை மட்டும்தான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மகள் உண்டாகி ஏழாம் மாதம் நடக்கும்போது, பிறந்த வீட்டில் ஏழு வகைச் சோறு ஆக்கிக் கட்டி, அவள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் ஊட்ட வேண்டும். கட்டுச்சோறு என்போம். அவள் வாயில் முதல் கவளம் போகும்வரை அதை வேறு யாரும் தொட்டு நாக்கில் வைக்கக் கூடாது. தங்கை முதல் தடவை உண்டாகியிருந்தபோது, ஏழாம் மாதம் சரியான மழையில் மாட்டிக்கொண்டது. ரோடு சரிந்து ஜீப் நின்றுபோனது. நாங்கள் நாளைக்கு, நாளை மறுநாள் என்று கிளம்பக் காத்திருந்தோம். போக முடியவில்லை. அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு காரணம் சொன்னார்கள். தங்கை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் மனதுக்குள் வேறொரு காரணத்தை வைத்திருந்தாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். பிறந்த வீட்டுச் சோறு வரவில்லை, அதனால்தான்.

இரண்டாம் தடவை ஏழாம் மாதம் ஐப்பசியில் வந்தது. அதே மழை. போடிமெட்டு ரோட்டில் மறுபடியும் மண் சரிந்து ஒரு வளைவே காணாமல் போயிருந்தது. குறித்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாள் எட்டாம் மாதத்தில். எட்டில் செய்வது வழக்கமில்லை. மேலேயிருந்து காட்டு வழியாக நடந்து இறங்கிவந்த ஒரு ஜீப் டிரைவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று தகவல் சொன்னார். “ஒங்க மக வேற ஒண்ணும் சொல்லல. அம்மா வருதா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொல்லுச்சு.”

அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். “வர்றேன்னு சொல்லுங்க” என்றாள். அவர் போனபிறகு என் பக்கம் திரும்பினாள். “தேவாரத்துக்கு மேல சாக்கலூத்துப் பாதை இருக்கில்ல? அதுல நடந்து போவோம்.”

அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆகவே “போவோம்” என்பதில் மிச்சம் இருந்தவன் நான். எனக்கும் அன்று திடீரென்று முழங்கால் வலித்தது. அம்மா அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கடை முதலாளி பாயிடம் லீவு கேட்கப் போனேன். காட்டில் யானை, அட்டை, பாம்பு எல்லாம் இருக்கிறதே, இந்த நேரத்தில் போகாதே என்று அவராவது தடுப்பார் என்று ஓர் ஆசை. அவர் உள்ளே போய், இருப்பதிலேயே திரண்ட பச்சைக் காயாக ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, “தங்கச்சிக்குக் கொடு தம்பி. வெரசாக் கெளம்பு” என்றார். ஏலமலைக்கு ஏலக்காய் சுமந்துபோன முதல் முட்டாள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

அம்மா விடியுமுன்பே சமைத்து முடித்திருந்தாள். உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால் முழுச் சமையலையும் மூக்காலேயே செய்தாள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு என்று ஆறு வகையைத் தனித்தனியாக வாழையிலையில் கட்டி நார்ப்பெட்டியில் அடுக்கினாள். அது அவள் தலைக்கு. ஏழாவது சர்க்கரைச் சோறு. வெல்லமும் நெய்யும் பாய் கொடுத்த ஏலக்காயும் சேர்ந்தது. அதைப் பித்தளைத் தூக்குவாளியில் நிரப்பி, மேலே ஓர் இலையை வைத்து மூடி என் கையில் கொடுத்தாள். தோளில் சேலையும் வளையலும் பூவும் வைத்த பை. வெறும் வயிற்றோடு அந்த வாசனையை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒரு மலையை ஏற வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

தேவாரத்தில் பஸ்சை விட்டு இறங்கியபோது மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. காட்டோரத்தில் நிலக்கடலையும் சோளமும். வரப்புகளில் உயரமாகக் காவல் பரண் கட்டியிருந்தார்கள். பரண் எதற்கு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். பாதை தொடங்குமிடத்தில் காய் எடுக்கப் போகிற பெண்கள் நாலைந்து பேர் வேட்டித் துணியில் சாமான் முடிந்து தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மேலே தோட்டத்தில் தங்கி வேலை பார்த்துவிட்டு வாரம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகிறவர்கள். அவர்களில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், வாய் நிறைய வெற்றிலை, எங்களைப் பார்த்த உடனேயே உறவு கட்டிவிட்டார்.

“கட்டுச்சோறா மதினி? எந்தத் தோட்டத்துக்கு?”

அம்மா சொன்னாள். அம்மா மதினி ஆகிவிட்டதால் நான் மருமகன் ஆனேன். அந்தப் பெண் எனக்கு அத்தை.

“பரண் எதுக்கு அத்தே?” என்றேன்.

“பெரிய ஆளுகளுக்கு.” அந்தப் பாதையில் யாரும் யானை என்று சொல்வதில்லை. “பயப்படாத மருமகனே. அதுக எல்லாம் இப்ப இங்குட்டு இல்ல. கம்பத்துப் பக்கம் போயிருச்சுக.”

“எப்பப் போச்சு?”

“போச்சு.”

“திரும்பி வராதா?”

“நீ இம்புட்டுத் தடவ கேக்குறதப் பாத்தா, என்ன சோலியாக் கூப்புடுறன்னு அதுகளே வந்து கேட்டுட்டுப் போகும்.”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு உதட்டோடு நின்றது.

பாதை ஏறத் தொடங்கிய இடத்தில் அந்தப் பெண்கள் குனிந்து ஆளுக்கொரு கல்லை எடுத்தார்கள். தேங்காய் அளவு இருக்கும். அம்மாவும் கேள்வி கேட்காமல் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. மழைக்காலத்தில் அந்தப் பாதையின் வழக்கம் அது. மழை பாதையைக் கரைத்துக் கல்லைக் கீழே உருட்டிக்கொண்டு வந்துவிடும். போகிறவர்கள் ஒவ்வொருவரும் கீழே கிடக்கிற கல்லில் ஒன்றைத் தூக்கிப்போய், மேலே எங்கே குழி விழுந்திருக்கிறதோ அங்கே பதித்துவிட்டுப் போக வேண்டும். பொதி மாடுகளும் கழுதைகளும் உப்பும் அரிசியும் ஏற்றி, ஏலக்காயோடு இறங்கிய காலத்திலிருந்தே இப்படித்தானாம். எந்த இலாகாவும் அந்தப் பாதையைப் போடவில்லை, பராமரிக்கவில்லை. நடக்கிற கால்களே அதைத் தூக்கி வைத்திருந்தன. எனக்கு முன்னால் எத்தனை தலைமுறை இந்தக் கல்லையே மேலே கொண்டுபோயிருக்கும், எத்தனை மழை அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கும் என்று யோசித்தேன். யோசனை நன்றாகத்தான் இருந்தது. கல்தான் கனத்தது.

“சின்னக் கல்லாப் பாத்து எடுத்திருக்கலாம்ல” என்றேன்.

“ஒனக்குக் கொடுத்ததே பிள்ளைக கல்லு” என்றார் அத்தை.

முள்காடு முடிந்து மரக்காடு தொடங்கியதும் சத்தம் எல்லாம் மாறிவிட்டது. கீழே பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது நின்றுபோனது. எங்கேயோ தண்ணீர் விழுகிற ஓசை. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. எல்லாப் பக்கமும் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் மரத்தின் முடிவு தெரியவில்லை. தண்டெல்லாம் பாசி, பாசிமேல் பெரணி, பெரணி நுனியில் ஒரு சொட்டு, அந்தச் சொட்டுக்குள் தலைகீழாக ஒரு காடு. ஜீப்பில் நான் பிடரி பார்த்துக்கொண்டு போன அத்தனை வருஷமும் இது இங்கே இப்படியேதான் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. யாரும் சொல்லாமலே நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்து, “என்னடா, மூச்சு வாங்குதா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். மூச்சும் வாங்கத்தான் செய்தது.

ஊற்று ஒன்று வந்தது. பாறை இடுக்கிலிருந்து விரல் தடிமனில் தண்ணீர். பெண்கள் அதில் பாத்திரத்தை முக்கவில்லை. ஒரு காட்டு இலையைப் பறித்துக் கூம்பாகக் கோட்டி, அதில் பிடித்துக் குடித்தார்கள். அத்தை பாதையை விட்டுத் தள்ளிப்போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துதான் இலையைத் தொட்டார். நான் குடித்தேன். பல் கூசியது. பசி இரண்டு மடங்கானது.

அதற்கு மேலே ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. அப்போதுதான் மேகம் கிழிந்து வழி விட்டது. கீழே எங்கள் சமவெளி முழுவதும் கிடந்தது. கண்மாய்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகள் போல மின்னின. தென்னந்தோப்புகள் கையால் தடவிவிட்டது போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தூரத்தில் ஒரு புகைக் கோடு ஊர்ந்தது. மதுரைக்குப் போகிற ரயிலாக இருக்க வேண்டும். போடி எங்கே என்று தேடினேன். என் கட்டைவிரலை நீட்டியபோது ஊர் மறைந்துபோனது. கடை, சல்லடை, முதலாளி, என் முழங்கால் வலி எல்லாம் அந்த நகத்துக்குக் கீழே. கல்லை எந்தக் குழியில் பதிக்க வேண்டும் என்று கேட்க மறந்து, கல்லோடும் வாளியோடும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அத்தைதான் கல்லைப் பிடுங்கி, பாதையோரக் குழி ஒன்றில் வைத்துக் குதிகாலால் மிதித்துப் பதித்தார்.

“வாளி மூடியத் தெற அப்பு” என்றாள் அம்மா. “சூட்டோட மூடியே வெச்சா வேத்துக் கெட்டுப்போகும். கொஞ்சம் ஆறட்டும்.”

பக்கத்தில் வசதியாக ஒரு கல் மேடை இருந்தது. தோள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, அவற்றின்மேல் ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே வைத்தது. வாளியை அதன்மேல் வைத்தேன். மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டேன். வாசனை எழுந்தது. திருப்தியாக அம்மாவைப் பார்த்தேன்.

அம்மாவின் முகம் மாறியிருந்தது.

“டேய். அது சுமைதாங்கிடா.”

சுமைதாங்கி எல்லா ஊரிலும் உண்டு. தலைச்சுமைக்காரர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்வதற்காகப் பாதையோரம் நடுகிற கல். அதை யாருக்காக நடுகிறார்கள் என்பதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக. இறக்கிவைக்காத சுமையோடு போய்விட்டாள், அவள் பேரில் நாலு பேர் சுமை இறங்கட்டும் என்று. எனக்கும் அது தெரியும். ஆனால் கை வலிக்கும்போது அது மேடையாகத்தான் தெரிந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொண்டுபோகிற சோற்றை, பிள்ளையோடு போன ஒருத்தியின் கல்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. நார்ப்பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றாள். முதல் தடவை நடந்தது அவள் கண்ணில் ஓடியது எனக்குத் தெரிந்தது. “எடுத்துரட்டுமா?” என்றேன்.

“வெச்சது வெச்சதுதான். இனி எப்பிடி அதக் கொண்டுபோய் அவளுக்கு ஊட்ட?”

“என்ன மதினி பேசுற” என்றார் அத்தை. “கல்ல நட்டதே எறக்கி வைக்கத்தான். நாம வைக்க வைக்க அவ பாரம் கொறையும். அவ சந்தோசப்படுவா. கெட்டது நெனைக்க அவ என்ன பேயா?”

“ஒனக்கென்ன, சொல்லிருவ. இதே சோத்துக்கு அவ ஏங்கிப்போயிருப்பா. ஏங்குனவ முன்னாடி வெச்சுட்டு எடுத்தா விடுவாளா?”

“அப்பக் கொஞ்சம் கிள்ளி அவளுக்கு வெச்சுட்டு மிச்சத்த எடு.”

“என் மகளுக்கு மிச்சத்தையா குடுக்கச் சொல்ற?”

மற்ற பெண்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நான் மூடியோடு நடுவில் நின்றேன். ஏழில் ஒன்றை விட்டுவிட்டுப் போனால் ஆறு. இரட்டைப் படை, அது கூடாது. கொண்டுபோனால் சுமைதாங்கிமேல் வைத்து எடுத்த சோறு. தங்கையின் முகம் என் கண்முன் வந்தது. இரண்டு வருஷமாக ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் என்ன சொல்லப்போகிறோம்?

அப்போது மேலே எங்கோ ஒரு கிளை முறிந்தது.

“மாடு” என்றார் அத்தை, வாதத்தை விடாமல்.

பிறகு ஒரு மூச்சு கேட்டது. மாட்டின் மூச்சு அல்ல. நெருப்பை ஊதிவிட்டு நிறுத்துகிற பெரிய துருத்தியின் மூச்சு. பாதையின் மேல் வளைவில், மூங்கிலுக்கும் மேகத்துக்கும் நடுவில், ஒரு காது அசைந்தது.

யாரும் கத்தவில்லை. பெண்கள் தண்ணீர் வழிவதுபோலப் பாதையிலிருந்து நழுவி, பக்கத்தில் இருந்த பெரும்பாறையின்மேல் ஏறினார்கள். அம்மா பெட்டியை விடவில்லை. நானும் ஓடினேன். எல்லாருக்கும் முன்னால் ஓடினேன் என்று எழுதினால்தான் சரியாக இருக்கும். பாறைமேல் ஏறிக் குப்புறப் படுத்தபிறகுதான் தெரிந்தது, தங்கையின் சோற்றைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தது மூடியை. வாளி கல்மேலேயே இருந்தது.

என் கை நடுங்கியதில் மூடி சட்டைப் பொத்தானில் பட்டுக் கிணுகிணுவென்று மணியடித்தது. அத்தை அதைப் பிடுங்கித் தனக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். குலசாமி, முருகன், மாரியம்மன். பிறகு பாயின் சாமியையும், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, கேரளத்துக்காரர்களின் மாதாவையும். யாருக்கு என்ன நேர்ந்துகொண்டேன் என்பது எனக்கே இன்றுவரை தெளிவில்லை. எல்லாரிடமும் மொட்டை போடுவதாகச் சொன்னதாக ஞாபகம்.

முதலில் ஒரு முதிய பெண் யானை வந்தது. பின்னால் இன்னும் மூன்று நான்கு. நடுவில் ஒரு குட்டி. அவ்வளவு பெரிய உடம்புகள், ஒரு சத்தமும் இல்லை. உதிர்ந்த இலைமேல் நான் நடந்தபோது வந்த சத்தம்கூட வரவில்லை. அந்தப் பெண் யானை எங்கள் பாதையிலேயே இறங்கியது. எங்கள் பாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பாதையில். முன்கால் ஒரு கல்லைத் தேடி அதன்மேல் பதிந்தது. சற்று நேரத்தில் அதே கல்மேல் பின்கால். ஒரு கல் தப்பவில்லை, ஒரு கல் பிசகவில்லை. எங்கே வளைந்து இறங்க வேண்டும், எங்கே சரிவு குறைவு என்று அதன் கால் அறிந்திருந்தது. கழுதைக்காரர்களுக்கு முன்னாலும், காய் எடுக்கிறவர்களுக்கு முன்னாலும், இந்த வளைவுகளை எல்லாம் முதலில் நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தது யார் என்று அப்போது எனக்கு விளங்கியது. நாங்கள் கல் சுமந்து செப்பனிட்டுக்கொண்டிருந்தது இவர்களுடைய தெருவை.

சுமைதாங்கியின் முன்னால் அது நின்றது. துதிக்கை நீண்டது. நேராக வாளிக்குப் போகவில்லை. முதலில் அந்தப் பலகைக் கல்லை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் தடவியது. தெரிந்த ஒருவரின் முதுகைத் தடவுவதுபோல இருந்தது. பிறகு கீழே, நட்ட கல்லை. பிறகு வாளி. அதன் மூச்சில் மேலே இருந்த இலை எழுந்து பறந்தது. வாளியை லேசாகச் சாய்த்தது. சர்க்கரைச் சோறு முழுக்க ஒரே கட்டியாகக் கல்லின்மேல் வழுக்கி விழுந்தது. யாரோ பரிமாறியதுபோல அத்தனை சுத்தமாக.

அது சாப்பிட்டது. அவசரப்படவில்லை. குட்டி வந்து முன்கால்களுக்கிடையில் நின்று தன் சின்னத் துதிக்கையை நீட்டியது. எட்டவில்லை. பெரியது ஒரு கட்டியை எடுத்துக் கீழே போட்டது. மற்ற யானைகள் காத்துக்கொண்டு நின்றன. அவற்றின் இமை மயிரில் தண்ணீர் முத்துகள் கோத்திருந்தன. அந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தோம். பயம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது ஓர் ஓரத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கு யாரும் காது கொடுக்கவில்லை. நானே கொடுக்கவில்லை. இந்த உடம்பு இருக்கிறவரை இதைவிடப் பெரியது எதையும் பார்க்கப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அது சரியாகவே இருந்திருக்கிறது.

கல்லைத் துடைத்ததுபோல் வழித்துவிட்டு, வாளியை ஒருமுறை உருட்டிப் பார்த்து, அவை கீழே போயின. மேகம் வந்து மூடிக்கொண்டது. வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

“கம்பத்துப் பக்கம் போயிருச்சுன்னு சொன்னீங்க” என்றேன்.

“போயிட்டுத் திரும்பியிருக்கும்” என்றார் அத்தை, மூடியை எடுத்து என்னிடம் நீட்டியபடி. “இந்தா ஒன் கட்டுச்சோறு.”

அம்மா இறங்கிப்போய்ச் சுமைதாங்கியைப் பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. நசுங்கிய வாளியை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஆறு சோறு தலைமேல், ஒரு வெறும் வாளி என் கையில். ஏறிக்கொண்டே இருந்தோம்.

மெட்டில் ஏறி நின்றபோது மலையின் அந்தப் பக்கம் திறந்தது. பின்னால் வெயில் காயும் எங்கள் சமவெளி. முன்னால் கரும்பச்சையாக மடிப்பு மடிப்பாக மலைகள், ஒவ்வொன்றின் இடுக்கிலும் புகை போல மேகம். பெருமரங்களின் நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடிகள். காய் செடியின் உச்சியில் இல்லை. தூரில், மண்ணோடு மண்ணாகச் சரம் விட்டிருந்தது. இத்தனை வருஷம் காய் பிரித்தவனுக்கு அது தெரியாது. குனிந்து ஒரு பூவைப் பார்த்தேன். வெள்ளையில் ஊதாக் கோடு. மண்டியிட்டால்தான் தெரியும். மண்டியிட்டேன். அத்தை சிரிக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.

லயத்து வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள் என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்னார். அம்மாவைப் பார்த்ததும் தங்கை அழவில்லை. பெட்டியைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். வாளி நசுங்கியிருந்ததை மறைக்க நான் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

பாயை விரித்து அவளை உட்காரவைத்து, வளையல் போட்டு, பூ வைத்தார்கள். அம்மா இலையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தங்கை எண்ணவில்லை. எண்ணாமலே அவளுக்குத் தெரிந்தது.

“சர்க்கரைச் சோறு எங்கம்மா?”

அம்மா ஏற்கெனவே நேராக இருந்த இலையை இழுத்து நேராக்கினாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து ஒரு பதிலும் கிடைக்காமல் வந்து சேர்ந்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சேச்சி என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். வாளியை எடுத்து முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சுமைதாங்கியை விடவில்லை, அதையும் சொன்னேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நிறுத்தவில்லை. மூடியைக் காப்பாற்றிய வீரத்தைச் சொன்னேன். எத்தனை சாமிக்கு மொட்டை பாக்கி என்று சொன்னேன். அத்தை மூடிமேல் உட்கார்ந்ததைச் சொல்லும்போது சேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யானை கல்லைத் தடவியதைச் சொன்னபோது என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அந்த இடத்தில் வேடிக்கை செய்ய எனக்கு வரவில்லை.

“முழுசாத் தின்னுச்சா?” என்றாள்.

“ஒரு பருக்கை இல்ல.”

“குட்டிக்குக் குடுத்துச்சா?”

“குடுத்துச்சு.”

கொஞ்ச நேரம் வாளியின் நெளிந்த வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஏழும்தான் வந்திருக்கும்மா” என்றாள் தங்கை. “ஒண்ண வழியில ஒரு பிள்ளைத்தாய்ச்சி வாங்கிக்கிட்டா. அவளுக்கு யாரும் கொண்டுபோயிருக்க மாட்டாங்க. மிச்சம் ஆறும் எனக்கு. ஊட்டு.”

அம்மா புளிச்சோற்றை உருட்டி அவள் வாயில் வைத்தாள். தங்கை மென்றாள், விழுங்கினாள், அடுத்ததற்கு வாயைத் திறந்தாள். இலை காலியாகும்வரை திறந்துகொண்டே இருந்தாள். உப்பு கொஞ்சம் கூடிவிட்டதாகச் சொன்னாள். மூக்கால் சமைத்தால் அவ்வளவுதான் வரும் என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

கார்த்திகையில் ரோடு சரியாகி, ஜீப் ஓட ஆரம்பித்தது. பிரசவத்துக்கு அவளைப் போடிக்குக் கூட்டி வந்தோம். தை மாதம் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தேன். அப்பா உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயமாக இருந்தது. உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. ஒரு தடவை கேட்டு நின்றது. பிறகு மறுபடியும், இந்த முறை நிற்காமல், கட்டடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

நர்சம்மா துணிச் சுருளோடு வெளியே வந்து, “பொம்பளப் பிள்ள. தாயும் நல்லா இருக்கு. தாய்மாமன் யாரு?” என்றார்.

வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்து நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. அப்பா என்னை முன்னால் தள்ளினார். துணிக்குள் ஒரு சின்ன முகம், சிவந்து, சுருங்கி, எல்லார் மேலும் கோபமாக. கண்ணைப் பாதி திறந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அன்று முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அம்மா இப்போதும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.